சிறு அணுமின் உலை: வாங்குமுன் ஒரு மலையகக் கடைக்காரரின் மதிப்பீடு

தலவாக்கலையில் மின்சாதனக் கடை நடத்துபவன் என்ற முறையில் நான் இதுவரை மதிப்பீடு எழுதியவை எல்லாம் கடை இறாக்கையில் அடங்கக்கூடிய பொருட்கள்: இன்வேட்டர், மின்கலம், மின்னழுத்தச் சீராக்கி, அதிகம் போனால் கூரைச் சூரியத் தகடு. இம்முறை எடுத்துக்கொண்டிருக்கும் பொருளை எந்தக் கடையிலும் பார்க்க முடியாது. ஆயினும் அதை எங்கள் நாட்டுக்கு விற்க ஆட்கள் இருக்கிறார்கள். வாங்கியே ஆக வேண்டும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். விலையை மாதாந்த மின்பட்டியல் வழியாகக் கட்டப்போகிறவர்கள் நாமாகத்தான் இருப்போம். ஆகவே மின்பிறப்பாக்கி வாங்க வரும் ஒரு வாடிக்கையாளர் என்னென்ன கேட்பாரோ அவற்றையே சிறு அணுமின் உலையைப் பற்றியும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். நம் வயரிங்குக்கு அது பொருந்துமா, தவணை எப்படி, பழுதானால் யார் வருவார், பழையதை யார் திரும்ப எடுத்துக்கொள்வார் என்ற கேள்விகள் அவை.

கடைக்கு வரும் தோட்டத்து இளைஞர் ஒருவர் இந்தப் பேச்சு பத்திரிகையில் அடிபட்ட நாட்களில், “அண்ணன், அணுக் கரண்டு வந்தா பில்லு குறையுமா?” என்று கேட்டார். 2022 ஓகஸ்ட்டில் 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கட்டணம் ஏறியதை லயக் காம்பிராவில் இருந்து அனுபவித்தவர் வேறு எதைக் கேட்பார்? அந்தக் கேள்விக்கான பதில் கீழே, விலை பற்றிச் சொல்லும் இடத்தில் இருக்கிறது.

முதலில் பொருள். 300 மெகாவொட்டும் அதற்குக் குறைவும் தரும் அணு உலைகளையே உலகம் சிறு உலை என்கிறது. கூடங்குளத்தில் ஓடுபவை ஒவ்வொன்றும் 1,000 மெகாவொட்; வங்காளதேசத்தின் ரூப்பூரில் நிறுவப்பட்டவை ஒவ்வொன்றும் 1,200. உச்சத் தேவையே 2,500க்கும் 3,000 மெகாவொட்டுக்கும் இடையில் நிற்கும் இலங்கையில் அத்தகைய பெரிய உலையைப் பொருத்த இடமில்லை என்பதை அணுமின்னை ஆதரிப்பவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். எனவே பேச்சு சிறு உலையைச் சுற்றியே நடக்கிறது. தரையில் நிறுவக்கூடியதும் கடலில் மிதக்கவிடக்கூடியதுமான உலைகளைத் தர ரஷ்யா முன்வந்திருப்பதாக 2023ஆம் ஆண்டளவில் இங்கே அரச தரப்பில் இருந்தே சொல்லப்பட்டது.

இதில் வாங்குபவர் கவனிக்க வேண்டிய முதல் விடயம், விளம்பரத்தில் இருக்கும் மாதிரிகளுக்கும் உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும் மாதிரிகளுக்கும் உள்ள இடைவெளி. வரைபடத்தில் இருக்கும் சிறு உலை வடிவங்கள் பல பத்து. மின்சாரம் தந்துகொண்டிருப்பவையோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில், பெவெக் துறைமுகத்தில் நிற்கும் ‘அக்கடமிக் லொமொனோசொவ்’ என்ற மிதவை அவற்றில் ஒன்று. தலா 35 மெகாவொட் தரும் இரண்டு உலைகள் அதில் உள்ளன. அதன் கட்டுமானம் 2007இல் தொடங்கியது; கரையிலுள்ள மின்கட்டமைப்புக்கு மின்சாரம் போனது 2019 டிசம்பரில். மற்றொன்று சீனாவின் ஷிடாவ்வான் என்ற இடத்தில் 2023 டிசம்பரில் வணிகச் செயற்பாட்டுக்கு வந்த வாயுக்குளிர்ச்சி உலை. ஓடிக் காட்டிய மாதிரி இத்தனை குறைவாக உள்ள ஒரு பொருளை, அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், முதல் வரிசையில் நின்று வாங்கும்படி எந்த வாடிக்கையாளருக்கும் நான் சொல்வதில்லை.

ஆனாலும் பொருளின் நற்குணத்தை மறைக்கக் கூடாது. அணுமின்னுக்கு இருக்கும் உண்மையான அனுகூலம் எரிபொருளின் அளவில் உள்ளது. ஏழு கிராம் அளவுள்ள ஒரு யுரேனிய வில்லை ஏறத்தாழ ஒரு தொன் நிலக்கரிக்குச் சமமான வெப்பத்தைத் தருகிறது. நுரைச்சோலையின் 900 மெகாவொட்டுக்கு ஆண்டுக்கு 20 இலட்சம் தொன்னுக்கு மேல் நிலக்கரி வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கல்பிட்டிக் கடல் கொந்தளிப்பதால், ஆண்டு முழுவதற்கும் தேவையானதைச் செப்டெம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் இறக்கிக் குவித்துவிட வேண்டும். டொலர் இல்லாத பருவமும் கப்பல் வர வேண்டிய பருவமும் ஒன்றாக வந்தால் என்ன நடக்கும் என்பதை 2022 மார்ச் 31 அன்று 13 மணி நேர மின்வெட்டில் பார்த்தோம். அணு உலைக்கு ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிபொருள் மாற்றினால் போதும். அடுத்த சுற்றுக்கானதையும் ஒரு கட்டடத்துக்குள் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அந்நியச் செலாவணியில் ஆட்டங்காணும் ஒரு நாட்டுக்கு இது சிறிய வசதி அல்ல.

இன்னொரு நற்குணம் மழையோடு தொடர்புடையது. மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் மவுசாகலை நீர்த்தேக்கத்தின் மட்டம் இறங்க இறங்க, 1969இல் அணை கட்டியபோது மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் கோவில் மீண்டும் வெளியே தெரியும்; பார்க்க ஆட்கள் கூடுவார்கள், படம் எடுப்பார்கள். அதே நாட்களில் கனியன் மின்நிலையத்தில் சுழலி ஓட்டத் தண்ணீர் போதாமல், கொழும்பில் விலை கூடிய எண்ணெயை எரித்துக்கொண்டிருப்பார்கள். 2023 ஓகஸ்ட்டில் சமனலவெவ நீர்த்தேக்க நீரை உடவளவை வயல்களுக்குத் திறப்பதா, மின்சாரத்துக்கு வைத்திருப்பதா என்ற இழுபறி நாடறிந்தது. வானத்தையும் வாய்க்காலையும் பாராமல் இரவும் பகலும் ஒரே அளவில் ஓடக்கூடிய ஒரு நிலையம் இத்தகைய ஆண்டில் பெரும் ஆறுதலாக இருக்கும். கரியமிலவாயுக் கணக்கிலும் நிலக்கரிக்கு அருகில் அதை வைத்துப் பேசவே முடியாது.

இனி வயரிங். இந்த மதிப்பீட்டில் அதிக இடத்தை இதற்கே கொடுக்கிறேன், ஏனெனில் கடனையும் கதிர்வீச்சையும் பற்றிப் பேசும் பலர் இதைத் தொடுவதே இல்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு, முற்பகல் 11 மணி கடந்த நேரம், நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு இணைப்பில் பட்டதாக அமைச்சர் சொன்னது உலகம் முழுதும் சிரிப்பாய்ச் சிரித்த செய்தியானது. மலையகத்தில் அது சிரிப்பாக இருக்கவில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டத் தொழிற்சாலையில் சனிக்கிழமைக் கொழுந்தின் கடைசிப் பகுதி அப்போது உலர்த்தியினுள் ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம் போனதும் தட்டுகள் நின்றுவிட்டன. அடுப்பின் சூடு நிற்கவில்லை. மின்பிறப்பாக்கியை இயக்கும் வரைக்கும் உள்ளே நின்ற தூள் கருகத் தொடங்க, ஆட்கள் கதவைத் திறந்து நீண்ட கைப்பிடிச் சுரண்டியால் இழுத்துத் தரையில் கொட்டினார்கள். புளிக்க வைத்திருந்த அடுத்த பகுதி நேரம் தாண்டிச் சிவந்து போனது. ஒரு குரங்கின் கணக்கில் அந்தத் தொழிற்சாலை எழுதிக்கொண்ட நட்டத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

அன்று உண்மையில் நடந்தது என்ன? ஞாயிறு என்பதால் தேவை குறைவு. வெயில் நல்லாக இருந்ததால் கூரைச் சூரிய மின்சாரம் மிகுதி. கட்டமைப்பைத் தாங்கிப் பிடிக்கும் பெரிய சுழலிகள் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன. அப்படியான நேரத்தில் ஓரிடத்தில் ஏற்பட்ட அதிர்ச்சியைத் தாங்க முடியாமல் அலைவெண் (மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை ஊசலாடுகிறது என்ற எண்) சரிந்து, ஒன்றன்பின் ஒன்றாக எல்லாமே அறுந்துபோயின. நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் நின்றன. அவற்றை மீண்டும் முழுமையாக ஓட்ட நாட்கள் எடுத்தன. அந்த இடைவெளியை நிரப்ப ஒன்றரை மணி நேரம் வரையிலான மின்வெட்டு மறுநாளில் இருந்து வந்தது. 2016 மார்ச், 2020 ஓகஸ்ட், 2021 டிசம்பர், 2023 டிசம்பர் என்று நாடு முழுவதும் இருண்ட நாட்களின் வரிசையில் இது மற்றொன்று.

அணுமின் துறையில் பொதுவாகப் பின்பற்றப்படும் ஓர் அளவுகோல் உண்டு: தனியொரு அலகு மொத்தக் கட்டமைப்பின் பத்திலொரு பங்கைத் தாண்டக் கூடாது. எந்த நிமிடத்திலும் அது திடீரென நிற்கலாம். நின்றால் மற்றவை தாங்க வேண்டும் என்பதே காரணம். இந்தியாவின் உச்சத் தேவை 2024இல் 250 கிகாவொட்டைத் தொட்டது. அங்கே கூடங்குளத்தின் ஓர் அலகு நின்றால் அது அரைச் சதவீதம்கூட இல்லை. இலங்கையில் மாலை ஏழு மணியின் உச்சத்தில்கூட 300 மெகாவொட் என்பது ஏற்கெனவே அந்த வரம்பில் உரசிக்கொண்டு நிற்கிறது. நள்ளிரவிலும் ஞாயிறு நண்பகலிலும் வரம்பைத் தாண்டிவிடுகிறது. அதாவது நுரைச்சோலையின் ஓர் அலகுக்கே நம் கட்டமைப்பு சிறியது. 100 மெகாவொட்டுக்குக் கீழே உள்ள உலைகள் சிலவற்றை ஒன்றாக வைத்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தளரும் என்பது உண்மை. ஆனால் அளவு குறையக் குறைய ஒரு மெகாவொட்டுக்கான விலை ஏறும். அதைப் பின்னர் பார்ப்போம்.

அத்துடன் நண்பகல் சிக்கல் தனி. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, கூரைச் சூரியத் தகடு வைத்திருப்பவர்கள் பிற்பகல் வரை அவற்றை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. என்னிடம் தகடு வாங்கிய வாடிக்கையாளர்கள் என்னைத் திட்டியதை இங்கே எழுதப் போவதில்லை. மின்சாரம் தேவைக்கு மிஞ்சிப் போகும் மணித்தியாலங்கள் ஏற்கெனவே இருக்கும்போது, எந்நேரமும் முழு அளவில் ஓடினால் மட்டுமே போட்ட பணத்தை மீட்கக்கூடிய நிலையம் ஒன்றை வாங்கினால், வெயில் நேரத்தில் எதை நிறுத்துவது? உலையின் அளவைக் குறைத்து ஓட்டலாம், புதிய வடிவங்கள் அதற்கு ஏற்றவைதான். குறைத்து ஓட்டும் ஒவ்வொரு மணித்தியாலத்திலும் கடன் தவணை மட்டும் குறையாது.

அடுத்தது, நிறுத்திய பிறகும் தீராத வெப்பம். சோறு வெந்ததும் அடுப்பில் இருந்து விறகை இழுத்துவிட்டாலும் தணல் கனன்றுகொண்டிருப்பதைப் போல, அணு உலையை நிறுத்திய அந்தக் கணத்திலும் அதன் முழு வெப்ப வலுவில் ஆறு ஏழு சதவீதம் தொடர்ந்து வெளிவரும். ஒரு மணித்தியாலத்தில் ஒன்றரைச் சதவீதம் அளவுக்கு இறங்கி, பின்னர் மெல்ல மெல்லக் குறையும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 300 மெகாவொட் மின்சாரம் தரும் உலையின் வெப்ப வலு 900 மெகாவொட்டுக்கு மேல். நிறுத்திய கணத்தில் மிஞ்சும் வெப்பம் 60 மெகாவொட் அளவு. அதாவது மவுசாகலை நீரில் ஓடும் கனியன் நிலையம் முழு வேகத்தில் தரும் அத்தனை வலுவும் வெப்பமாக ஒரு கலத்துக்குள் தங்கியிருக்கும், அதைத் தண்ணீரால் வெளியேற்றியே ஆக வேண்டும். கூடங்குளத்தின் ஓர் உலைக்கு இதே கணக்கைப் போட்டால் விக்டோரியாவின் 210 மெகாவொட் வருகிறது. 2011 மார்ச்சில் புகுஷிமாவில் உலைகள் ஒழுங்காகத்தான் நின்றன. நில அதிர்ச்சியில் வெளி மின்சாரமும், ஆழிப்பேரலையில் மின்பிறப்பாக்கிகளும் போனதால் இந்த மிச்ச வெப்பத்தை வெளியேற்ற வழியில்லாமல் போனதே பேரிடரானது.

புதிய சிறு உலைகளில் பல, பம்பி இல்லாமல் தண்ணீரின் இயல்பான சுற்றோட்டத்தாலேயே பல நாட்கள் தாமாகக் குளிரும்படி வடிவமைக்கப்பட்டவை. இது வெறும் விளம்பரப் பேச்சு அல்ல. இயற்பியலுக்கு உட்பட்ட, மெச்சத்தக்க முன்னேற்றம். ஆயினும் வெளி மின்சாரம் அடிக்கடி அறுந்துபோகும் ஒரு கட்டமைப்பில் அணு உலையை இணைப்பது நல்ல பழக்கம் அல்ல. ஒவ்வொரு முறை கட்டமைப்பு விழும்போதும் உலை நிற்கும். நின்றால், எரிபொருளில் சேரும் ஸெனன் என்ற வாயு, அணுப்பிளவைத் தொடரவைக்கும் நியூத்திரன் துகள்களை விழுங்குவதால், சில வேளைகளில் ஒரு நாள் வரை காத்திருந்தே மீண்டும் இயக்க நேரும். நுரைச்சோலை மீண்டு வரும் வரை இருளில் இருந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பின் பொருள் தெரியும்.

இந்த இடத்தில் மலைநாட்டின் பங்கு வருகிறது. நாடு முழுவதும் இருண்டு கிடக்கும்போது வெளியில் இருந்து மின்சாரம் இல்லாமல் தானாக எழுந்து ஓடக்கூடியவை நீர்மின் நிலையங்கள். ஒவ்வொரு முறையும் கட்டமைப்பை மீண்டும் கட்டியெழுப்புவது லக்ஷபானவிலும் கொத்மலையிலும் விக்டோரியாவிலும் திறக்கப்படும் தண்ணீர்தான். அலைவெண்ணை நொடிக்கு ஐம்பதில் பிடித்து வைத்திருக்கும் வேலையும் பெரும்பாலும் அவற்றினுடையதே. 1918இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் மலைநாட்டு நீரின் வலுவைப் பற்றிக் கட்டுரை படித்தபோது அவரைப் பெரிதாகக் கணக்கெடுத்தவர் இல்லை; லக்ஷபானவில் முதல் மின்சாரம் எடுக்க 1950 ஆனது. நூறாண்டு கடந்தும் அந்தத் தண்ணீர்தான் அணு உலைக்கும் துணை மின்சாரம் தரப்போகிறது. ஆகவே இந்தப் பொருளை வாங்கும் செலவோடு, அதைத் தாங்கிப் பிடிக்கும் பொருட்களின் செலவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்: உபமின்நிலையங்களைச் சீரமைப்பது, பெரிய மின்கலத் தொகுதிகள், அரநாயக்க, நாவலப்பிட்டிப் பக்கம் திட்டமிடப்பட்டுள்ள 600 மெகாவொட் நீரேற்றுத் தேக்க மின்திட்டம். இவற்றை எல்லாம் செய்து முடித்தால், வெயில் நேரத்து மிகுதியைத் தண்ணீராக மேலே ஏற்றி மாலையில் இறக்கிக்கொள்ளலாம். அப்போது அணு உலையின் அவசரமும் பாதியாகக் குறைந்துவிடும் என்பதை விற்பனையாளர்கள் சொல்ல மாட்டார்கள். நீரேற்றுத் திட்டத்திலும் எனக்குத் தயக்கம் உண்டு. 2016 மே மாதத்தில் அரநாயக்க சாமசர மலை சரிந்ததை மறந்துவிட்டு அங்கே சுரங்கம் வெட்டத் தொடங்கக் கூடாது.

இனி விலை. தோட்டத்து இளைஞரின் கேள்விக்குப் பதில்: குறையாது, குறைந்தபட்சம் கடன் தீரும் வரைக்கும். அணுமின்னில் எரிபொருள் மலிவு; செலவு முழுவதும் கட்டுமானத்திலும் அதற்கான வட்டியிலும் இருக்கிறது. அமெரிக்காவில் யூட்டா மாநில நகரசபைகள் சேர்ந்து வாங்கவிருந்த 462 மெகாவொட் சிறு உலைத் திட்டத்தில், ஓர் அலகு மின்சாரத்தின் எதிர்பார்த்த விலை 5.8 சதத்தில் இருந்து 8.9 அமெரிக்கச் சதத்துக்கு ஏறியது. அதுவும் அரசின் மானியத்தைக் கழித்த பின். நகரசபைகள் ஒவ்வொன்றாக விலக, 2023 நவம்பரில் திட்டமே கைவிடப்பட்டது. மானியம் கொடுக்க வசதியுள்ள நாட்டில் ஒரு கல்லும் வைக்கப்படாமலே விலை இப்படி ஏறியது.

வளரும் நாடுகளின் கதைகள் இன்னும் பாடம் நிறைந்தவை. பிலிப்பைன்ஸின் பட்டான் நிலையம் 621 மெகாவொட். 1976இல் தொடங்கி 200 கோடி டொலருக்கு மேல் செலவழித்துக் கட்டி முடித்தார்கள். ஜனாதிபதி மார்க்கோஸின் ஆட்சி வீழ்ந்தது, செர்னோபில் அணு உலை வெடித்தது, எரிபொருளே இடாமல் மூடினார்கள். ஓர் அலகு மின்சாரம்கூடத் தராத அந்த நிலையத்தின் கடனை 2007 வரை அந்நாட்டு மக்கள் கட்டினார்கள். வங்காளதேசத்தின் ரூப்பூருக்கு 12.65 பில்லியன் டொலர், அதில் 11.38 பில்லியன் ரஷ்யக் கடன். முதல் அலகு 2023இல் வரும் என்றார்கள். 2023 ஒக்டோபரில் எரிபொருள் கையளிக்கப்பட்டது. 2024 முடிந்தும் மின்சாரம் வரவில்லை. அங்கேயும் காலதாமதத்துக்கு ஒரு காரணம், மின்சாரத்தை எடுத்துச்செல்லும் வழித்தடங்கள் தயாராகாமல் இருந்ததுதான். நன்றாக முடிந்த கதையும் உண்டு: ஐக்கிய அரபு அமீரகம் 2009இல் தென் கொரியாவுடன் ஒப்பந்தம் செய்து, 2020இல் இருந்து 2024க்குள் பராக்காவில் நான்கு உலைகளை ஓட்டத் தொடங்கி, நாட்டின் மின்சாரத்தில் கால்பங்கை அதில் எடுக்கிறது. ஆனால் கையில் எண்ணெய்ப் பணமும், தொடக்கத்திலேயே சுயாதீனமான ஒழுங்குபடுத்தும் அமைப்பும், வெளிநாட்டு நிபுணர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தும் வசதியும் இருந்த வாங்குநர் அவர். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது என்று அறிவித்த நாட்டின் கையிருப்பு வேறு. உலக வங்கி அணுமின்னுக்குக் கடன் கொடுப்பதில்லை என்ற நீண்டகாலக் கொள்கையை 2025 ஜூனில் தளர்த்தியிருப்பது வாய்ப்பைக் கூட்டுகிறது. கடன் கிடைக்கும் என்பதும் கடனை அடைக்க முடியும் என்பதும் ஒன்றல்ல என்பதைத் தவணைக்குத் தொலைக்காட்சி வாங்கிய எவரும் அறிவர்.

பராமரிப்பைப் பொறுத்தவரை, நாடு வெறுங்கையோடு நிற்கவில்லை என்பதைச் சொல்வது நியாயம். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம், ஊக்குவிக்கும் வேலையை அணுசக்தி சபைக்கும் கண்காணிக்கும் வேலையை ஒழுங்குபடுத்தும் பேரவைக்கும் என்று பிரித்து வைத்தது; விற்பவரும் பரிசோதிப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற அடிப்படை அதில் உள்ளது. 2015 பெப்ரவரியில் இந்தியாவுடன் பயிற்சிக்கும் அறிவுப் பரிமாற்றத்துக்குமான ஒப்பந்தம் ஆனது. சர்வதேச அணுசக்தி முகவரகம் புதிய நாடுகளுக்கு மூன்று கட்டங்களையும் 19 ஆயத்தத் துறைகளையும் வகுத்து வைத்திருக்கிறது. முதல் கட்டத்துக்கான மீளாய்வுக் குழு 2022 ஏப்ரலில், எரிபொருள் வரிசைகள் நீண்டிருந்த அதே நாட்களில், இலங்கைக்கு வந்து போனது. தீர்மானத்தில் இருந்து முதல் மின்சாரம் வரை 10 முதல் 15 ஆண்டுகள் ஆகும் என்பது அந்த முகவரகத்தின் பொதுவான கணிப்பு. அத்தனை காலத்துக்கும் பொறியியலாளர்கள் நாட்டில் தங்க வேண்டும். கடந்த சில ஆண்டுகளில் மின்சாரத் துறையில் இருந்து வெளிநாடு போனவர்களின் எண்ணிக்கையைப் பார்க்கும்போது, உலையைவிட அதை ஓட்டும் ஆட்களைப் பெறுவதுதான் கடினமான கொள்வனவாக இருக்கும் என்று தோன்றுகிறது.

எரிந்து முடிந்த எரிபொருள் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. திருப்பி எடுத்துக்கொள்ளும் விற்பனையாளர் இருந்தால் அது ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் வாங்கக் கூடாது. வாய்ப்பேச்சில் தரப்படும் உத்தரவாதம் பல்லாயிரம் ஆண்டுக் கதிரியக்கத்துக்குப் போதாது.

எங்கள் மண்ணிலேயே தோரியம் இருக்கிறதே, எரிபொருளையும் நாமே எடுக்கலாமே என்று பெருமையோடு கேட்பவர்களுக்கு ஒரு சொல். தோரியனைட் என்ற கனிமம் உலகுக்கு அறிமுகமானது 1904இல், பலாங்கொடைப் பக்கத்து மாணிக்கக் கற்குழிகளில் இருந்து. பெருமைக்குரியதுதான். ஆனால் தோரியம் தானாகப் பிளந்து எரியும் எரிபொருள் அல்ல. அதை முதலில் உலைக்குள் வைத்து யுரேனியம்-233 ஆக மாற்ற வேண்டும். கடற்கரை மணலில் தோரியம் குவிந்து கிடக்கும் இந்தியாவே பல பத்தாண்டுகளாக முயன்றும் இன்னும் வணிக அளவில் அதை ஓட்டவில்லை. இந்த வாதத்தை மதிப்பீட்டில் இருந்து தள்ளிவிடலாம்.

பொருளை வைக்குமிடம் மலைநாடாக இருக்காது. குளிர்விக்கும் நீருக்காகக் கரையோரமே தெரிவாகும். ஆனால் மின்திட்டம் ஒன்று வந்தால் அருகில் வாழ்பவர்களுக்கு என்ன சொல்லப்படுகிறது, எப்போது சொல்லப்படுகிறது என்பதில் மலைநாட்டுக்கு அனுபவம் அதிகம். மேல் கொத்மலைக்காக எங்கள் ஊரிலேயே குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 2012இல் 150 மெகாவொட் ஓடத் தொடங்கியது, சென் கிளேயார் அருவி மெலிந்தது. உமா ஓயாச் சுரங்கத்தில் 2014 டிசம்பரில் நீர் பீறிட்ட பிறகு பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. பத்து ஆண்டுகள் கழித்து 120 மெகாவொட் திட்டம் விழாவோடு திறக்கப்பட்டது. நிலத்தடி நீரைப் பற்றி முன்கூட்டியே தெளிவாகப் பேசாத ஒரு பண்பாடு, கதிர்வீச்சு அவசரகாலத் திட்டத்தைப் பற்றி மட்டும் எப்படித் திறந்து பேசும்? கரையோரத்தில் தமிழ் பேசும் மக்கள் வாழும் இடம் தெரிவானால், வெளியேற்றல் வரைபடமும் அறிவுறுத்தலும் அவர்கள் வாசிக்கும் மொழியில், தீர்மானத்துக்கு முன்னரே கையில் இருக்க வேண்டும். கட்டண உயர்வுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் முறை இதற்கு ஒரு தொடக்க மாதிரியாக இருக்கலாம்.

என் தீர்ப்பு: இப்போது வாங்க வேண்டாம். படிப்பை நிறுத்தவும் வேண்டாம். ஒழுங்குபடுத்தும் பேரவைக்கு ஆட்களும் பணமும் கொடுக்கலாம், இடத் தெரிவுக்கான நிலவியல் ஆய்வுகளைச் செய்யலாம், பல்கலைக்கழகப் படிப்பை வளர்க்கலாம். இவை எதுவும் வீணாகாது, புற்றுநோய் வைத்தியத்துக்கும் கைத்தொழிலுக்கும் அதே ஆட்கள் வேண்டும். கடன் பத்திரத்தில் மட்டும் கையெழுத்திடக் கூடாது. அதற்கு முன் கட்டமைப்பு ஈராண்டாவது முழுமையாக விழாமல் நின்று காட்டட்டும். 2025 ஏப்ரலில் இந்தியாவுடன் உடன்பாடு கண்ட, இரு நாட்டு மின்கட்டமைப்புகளையும் சேர்க்கும் உயர் அழுத்த நேர்மின் இணைப்பு வந்துவிட்டால், பத்திலொரு பங்கு என்ற கணக்கும் தளர்ந்துவிடும். அப்போது 300 மெகாவொட் அலகும் பேசத்தக்கதாகும்.

இந்தப் பொருளை எங்களுக்கு முன் வாங்கியவர் உஸ்பெகிஸ்தான். 2024இல் தலா 55 மெகாவொட் உலைகளுக்கு ரஷ்யாவுடன் ஒப்பந்தம் செய்து, பின்னர் அதில் பெரிய உலையையும் சேர்த்து அளவை மாற்றியிருக்கிறார்கள். சீனாவின் ஹைனான் தீவில் 125 மெகாவொட் உலை ஒன்றும் வருகிறது. தீவு என்பதால் எங்களுக்கு அது நெருங்கிய மாதிரி. இவை இரண்டும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடி, ஓர் அலகு மின்சாரத்தின் உண்மையான விலையும் நின்ற நாட்களின் எண்ணிக்கையும் வெளிவந்த பிறகு இந்த மதிப்பீட்டைத் திருத்தி எழுதுவேன்.